கடைசிக் கதிரின் பதில்

என் தம்பிக்கு அவன் ஆஃபீஸ்ல வெச்ச பேரு வெந்நீர். எப்பப் பார்த்தாலும் கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரியே நிக்கறதால வந்த பேரு. வெச்சவங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். பிறந்ததுலேருந்து அவனைப் பார்க்கறேன், எனக்கு இது தோணாமப் போச்சேன்னுதான் ஆதங்கம்.

எட்டாம் மாசமே பிறந்துட்டான். அதுக்கு மேல உள்ள இருக்க அவனுக்குப் பொறுமை இல்லைன்னு அம்மா சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துல பரீட்சைத் தாளை முதல் ஆளாக் கொண்டுபோய்க் கொடுப்பான். கேள்வித்தாளுக்குப் பின்பக்கமும் ஒண்ணு உண்டுங்கறது வெளிய வந்தப்புறம்தான் அவனுக்குத் தெரியும். டீயை ஆற விடமாட்டான், நாக்கைச் சுட்டுக்கிட்டு குதிப்பான். செருப்பை மாட்டிக்கிட்டே சட்டைப் பொத்தானைப் போடுவான், ரெண்டும் மாறிப்போகும்.

கல்யாணக் கதையைக் கேட்டா சிரிப்பீங்க. அந்தப் பொண்ணு நீச்சல் குளத்துல பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கறவ. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போய்வந்துக்கிட்டிருந்தாங்க. ஒருநாள் இவன் இறங்கற இடம் வந்ததும், "என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"ன்னு கேட்டுட்டு இறங்கிப் போயிட்டான். பதிலை வாங்கிக்கவே இல்லை! பஸ் கிளம்பிடுச்சு. பாவம், அவ மறுநாள் இவன் ஆஃபீஸைத் தேடிப் போய் வாசல்ல இருந்த காவலாளிகிட்ட, "உள்ள ஒருத்தர் இருப்பாரு, ஒரு இடத்துல நிக்கமாட்டாரு, அவருகிட்ட சரின்னு சொல்லிடுங்க"ன்னு சொல்லிட்டு வந்திருக்கா. காவலாளி யாருன்னுகூடக் கேக்கலையாம். மூச்சை அடக்கப் பழகினவளாச்சே, அதனாலதான் இவனோட குடித்தனம் பண்ணமுடியுதுன்னு நான் அவளைக் கேலி பண்ணுவேன்.

கேள்வி கேட்டா அவனுக்கு அதான் வழக்கம். "அக்கா, தலைவலி எப்படி இருக்கு?"ன்னு கேப்பான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பக்கத்து ரூம்லேருந்து "என் சாவியைப் பார்த்தியா?"ன்னு குரல் வரும். எங்க வீட்டுச் சண்டையில பாதி இப்படி வந்ததுதான்.

நான் யாருன்னு சொல்லிடறேன். பிறந்ததுலேருந்தே என் இடது காலுக்குப் பலம் கம்மி, கோல் ஊணித்தான் நடப்பேன். கல்யாணம் பண்ணிக்கலை, பண்ணிக்கத் தோணலை, அவ்வளவுதான். ரெண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறேன். ஃபிரேமுக்குக் கண்ணாடி பொருத்தறது, காது வலிக்குதுன்னு வர்றவங்களுக்குக் காம்பை வளைச்சுச் சரிபண்ணிக் கொடுக்கறது, இதான் என் தொழில். தம்பி, அவன் பொண்டாட்டி, நான், மூணு பேரும் அஞ்சாவது மாடியில ஒண்ணா இருக்கோம். காலையில நான் தனியா லிஃப்ட்ல இறங்கி, தனியா ரோட்டைத் தாண்டி, கடையோட ஷட்டரை என் கையால தூக்குவேன். கேக்கறவங்களுக்கு இது ஒண்ணுமில்லை. எனக்கு இதான் எல்லாமே. யார் கையையும் பிடிக்காம நான் போற அந்த ரெண்டு தெரு தூரம் இருக்கே, அது போச்சுன்னா நான் பாதி ஆளு.

இப்ப அவன் வேலைக்கு வருவோம். அவன் எழுதறது டிரைவர். கட்டடத்துல பாதிப் பேர் இவன் ஏதோ வண்டி ஓட்டறதா நினைச்சுக்கிட்டிருக்காங்க. இவன் ரோடு தாண்டறதைப் பார்த்தவங்க மட்டும் நம்பமாட்டாங்க. டிரைவர்ங்கறது ஒரு கருவிக்கும் அதை ஆட்டிவைக்கற சிப்புக்கும் நடுவுல நின்னு ரெண்டையும் பேசவைக்கற ப்ரோகிராம். அவன் கம்பெனி செய்யறது லிஃப்ட் கதவு. கதவோட ஒரு ஓரத்துலேருந்து மேலேயும் கீழேயுமா வரிசையாக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சக் கதிர் வரும். எதிர் ஓரத்துல ஒவ்வொரு கதிருக்கும் ஒரு கண்ணு. கதவு மூடும்போது சிப் மேலேருந்து கீழ வரைக்கும், "உனக்கு வெளிச்சம் வருதா, உனக்கு வருதா?"ன்னு ஒவ்வொரு கண்ணையும் கேட்டுக்கிட்டே போகும். ஏதாவது ஒரு கண்ணு வரலைன்னு சொல்லிட்டா நடுவுல ஆள் இருக்குன்னு அர்த்தம். கதவு திரும்பித் திறந்துடும்.

எங்க லிஃப்ட்ல இருந்தது பழைய கதவு. ரப்பர் ஓரம், இடிச்சாத்தான் திறக்கும். நான் நடக்கறப்ப முதல்ல கோல் போகும், பின்னாடிதான் நான். கோலைச் சாய்வா முன்னால நீட்டி, நுனியை மட்டும் லிஃப்ட் வாசப்படியில ஊணி, உடம்பை அதும்மேல சாய்ச்சு, அப்புறம் காலை எடுத்து வைக்கணும். ஒரு கையில கோல், ஒரு கையில பை. பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்க எனக்கென்ன மூணு கையா இருக்கு? பழைய கதவு என் கோலை இடிக்காத வாரமே கிடையாது. அதைப் பார்த்துப் பார்த்து இவனுக்கு வயித்தெரிச்சல். புதுக் கதவுல கதிர் ரெட்டிப்பு, கடைசிக் கதிர் தரையை ஒட்டிப் போகும், கோல் நுனி குறுக்க வந்தாலே கதவு நின்னுடும்னு சொன்னான். கம்பெனியில கெஞ்சி, கட்டடத்துச் சங்கத்துல கெஞ்சி, சோதனைக்குப் போடற முதல் கதவுகள்ல ஒண்ணை எங்க லிஃப்டுக்கே வாங்கிட்டான். எனக்காகத்தான். வாய்விட்டுச் சொல்லமாட்டான், எனக்குத் தெரியாதா என்ன.

கதிர் ரெட்டிப்பாச்சு, சிப் மட்டும் அதே பழைய குட்டிச் சிப். எல்லாக் கண்ணையும் கேட்டு முடிக்கறதுக்குள்ள கதவு கொஞ்சம் நகர்ந்துடுது, வேகம் பத்தலை. வேகம் பத்தலைன்னா என் தம்பி எப்படி இருப்பான்னு நினைச்சுப் பாருங்க! ஹால்ல குறுக்கும் நெடுக்குமா நடந்து நடந்து என் தலையைச் சுத்த வெச்சான். சாப்பாட்டு மேஜையில வாய்க்கு வாய் இன்லைன், இன்லைன்னு ஒரே பாட்டு. எங்க ரெண்டு பேருக்கும் மனப்பாடமே ஆயிடுச்சு.

விஷயம் ஒண்ணும் பெரிசில்லை. ப்ரோகிராம்ல ஒரு சின்ன வேலையைத் தனியா ஒரு இடத்துல எழுதி, ஃபங்ஷன்னு அதுக்கு ஒரு பேரும் வெச்சுடறாங்க. தேவைப்படறப்ப சிப் அந்த இடத்துக்குப் போய், வேலையை முடிச்சுட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பி வரும். போக வர நேரம் ஆகுமில்லையா? இன்லைன் பண்ணிட்டா அந்த ரெண்டு வரியும் தேவைப்படற இடத்துலேயே வந்து உக்காந்துடும். போகவும் வேண்டாம், வரவும் வேண்டாம். நான் திருகாணி போடற குட்டி ஸ்க்ரூ டிரைவரை டிராயர்ல வைக்காம கைக்கிட்டயே வெச்சுக்கறேன் பாருங்க, அதேதான். அதுக்காகக் கடையில இருக்கற அத்தனை சாமானையும் மேஜை மேல பரப்பினா கண்ணாடியை எங்க வைக்கறது?

இவன் பரப்பினான். கண்ணுல பட்ட ஃபங்ஷனையெல்லாம் இன்லைன் பண்ணினான். ஒரே வேலை இருபது இடத்துல இருபது நகலா உக்காந்துக்கிச்சு. ப்ரோகிராம் உப்பிப்போய் சிப்புக்குள்ள அடங்கவே இல்லை. அவன் மேலதிகாரி ஒரு அம்மா, நிதானமானவங்க. கூப்பிட்டு வெச்சு நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. "சின்னதா இருக்கணும், அடிக்கடி கூப்பிடறதா இருக்கணும். இது ரெண்டும் இல்லாத எதையும் தொடாதே"ன்னாங்களாம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து எல்லாத்தையும் பிரிச்சான், அப்புறம் ஒண்ணொண்ணாப் பொறுக்கினான். அதுல முதல்ல தேறினது, அடுத்து எந்தக் கண்ணைக் கேக்கணும்னு மாத்தி விடற ஃபங்ஷன். மொத்தமே ரெண்டு வரி. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு தடவை கூப்பிடணும். "இதை இன்லைன் பண்ணலைன்னா வேற எதைக்கா பண்றது?"ன்னு என்னைக் கேட்டான், வழக்கம்போல பதிலுக்கு நிக்கலை. அந்த அம்மாவும் சரின்னுட்டாங்க. வேகம் வந்துடுச்சு.

புதுக் கதவு வந்தப்ப முதல்ல அதுல போட்டிருந்தது ப்ரோகிராமோட சோதனைப் பதிப்பு. நான் வாசப்படியில கோலை ஊணினேன். வந்துக்கிட்டிருந்த கதவு சமத்தா நின்னு, திரும்பித் திறந்துச்சு. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. "பரவாயில்லையே, நீயும் உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்கே"ன்னேன். அவனுக்கு வாயெல்லாம் பல்லு. அடுத்த வாரம் சோதனைப் பதிப்பை எடுத்துட்டு நிஜப் பதிப்பைப் போட்டாங்க.

நிஜப் பதிப்பு போட்டு ரெண்டு மூணு நாள் இருக்கும். காலையில கடைக்குக் கிளம்பிக் கோலை ஊணறேன், கதவு வந்துச்சு. நிக்கலை. நேராக் கோல்மேல மோதிச்சு. மோதினதும் திறந்துக்கிச்சு, அது வேற விஷயம், ஆனா கோல் நழுவிப் போச்சே! என் மொத்த பாரமும் அதும்மேலதான் இருந்துச்சு. தடால்னு விழுந்தேன். மணிக்கட்டு வீங்கிப்போச்சு, பையில இருந்த டப்பா திறந்து சாப்பாடெல்லாம் தரையில. வலியைவிட, எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து "ஐயோ, இந்த நிலைமையில எதுக்குத் தனியாப் போறீங்க?"ன்னு கேட்டதுதான் எனக்குத் தாங்கலை.

தம்பி ஆஃபீஸ்லேருந்து பறந்து வந்தான். லேப்டாப்பை லிஃப்ட் போர்டுல மாட்டி, உள்ள என்ன நடக்குதுன்னு வரி வரியாப் பார்க்கறதுக்காகச் சோதனைப் பதிப்பை ஏத்தி, என் கோலையே வாங்கி வாசப்படியில வெச்சு வெச்சுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் கதவு நின்னுச்சு. திரும்ப நிஜப் பதிப்பைப் போட்டுட்டு மேல வந்தான்.

"கதவு நல்லாத்தான் இருக்குக்கா. அது பாதி மூடினப்புறம் நீ அவசரமாக் கோலை நீட்டியிருப்பே."

"அவசரமா? நானா? யாரு யாரைச் சொல்றதுன்னு ஒரு விவஸ்தை வேண்டாம்?"

"இல்லைக்கா, நான் நூறு தடவை பார்த்துட்டேன்..."

"அப்ப நான் பொய் சொல்றேனா? விழணும்னு வேண்டுதல் வெச்சு விழுந்தேனா?"

"அண்ணி, விடுங்க. கையைக் கொடுங்க, கட்டுப் போடறேன்"னு தம்பி பொண்டாட்டி நடுவுல வந்தா. அவளுக்கும் யாரை நம்பறதுன்னு தெரியலை, கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சுது. வேற யாரும் புகார் சொல்லலை. எப்படிச் சொல்லுவாங்க? மத்தவங்க உள்ள போனா கால், இடுப்பு, தோள்னு அத்தனை கதிரும் அடைபடும். கோல் நுனி மட்டும் தனியா முன்னாடி போறது எனக்குத்தான். கதவு நல்லவன், நான் கெட்டவள்னு ஆயிடுச்சு.

கட்டு அவிழ்த்து நான் திரும்பக் கிளம்பின முதல் நாளே இன்னொரு தடவை ஆச்சு. இந்தத் தடவை நான் உஷாரா இருந்ததால பின்னாடி சாய்ஞ்சு சுவரைப் பிடிச்சுக்கிட்டேன். சொன்னேன். "கோல் நுனி ரொம்ப மெலிசோ என்னமோ"ன்னு முனகினான். அவன் முகம் வெளுத்திருந்துச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டான், நான் இனிமே தனியா லிஃப்ட்ல போகக்கூடாது. அவனே தினமும் கூட வர்றதாம்.

அந்தக் கொடுமையை என்னன்னு சொல்ல! நான் ஒரு அடி வைக்கறதுக்குள்ள அவன் நாலு அடி முன்னாடி போய், ஞாபகம் வந்து, திரும்பி வருவான். லிஃப்ட் வாசல்ல நின்னு கதவைக் கையால பிடிச்சுப்பான். நான் உள்ள போனதும் அவன் உள்ள வரமாட்டான். லிஃப்ட் இறங்கற வரைக்கும் சும்மா நிக்க முடியாதே, அதனால படிக்கட்டுல அஞ்சு மாடியும் தடதடன்னு ஓடி, நான் கீழ போய்ச் சேரறப்ப மூச்சு வாங்கிக்கிட்டு எதிர்ல நிப்பான். கதவு திறக்கும், இவன் முகம். தினமும் கதவு திறக்கும், தினமும் இவன் முகம். அப்புறம் ரோட்டைத் தாண்ட என் முழங்கையைப் பிடிப்பான். எனக்கு வர்ற ஆத்திரத்துக்குக் கோலாலேயே ஒண்ணு போடலாமான்னு இருக்கும். கடைக்குப் போனா முதலாளி, "உங்க தம்பி பாவம் தினமும் வந்துட்டுப் போறாரு. வேணும்னா கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்குங்களேன்"னு தேன் தடவிச் சொன்னாரு. எனக்குப் பதிலா வேற ஆள் பார்க்கறாருன்னு அதுக்கு அர்த்தம். வீட்லயும் தரைத்தளத்துல வீடு பார்க்கலாமான்னு புருஷனும் பொண்டாட்டியும் குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சாங்க. அவங்க சொன்ன வீட்லேருந்து என் கடைக்கு ரெண்டு பஸ் மாறணும். அன்னிக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். நான் லேசுல அழற ஆள் இல்லை.

தம்பியும் நல்லா இல்லை. கதவு சரின்னு வாய்தான் சொல்லுச்சு, மனசு ஒப்பலை. சாப்பாட்டை அளைஞ்சுக்கிட்டே இருப்பான், பாதியில எழுந்துடுவான், உக்காருவான், திரும்ப எழுந்துடுவான்.

அப்படி ஒரு காலையில நான் ரொட்டியை மென்னுக்கிட்டிருக்கேன். இவன் ஒரு கால்ல சாக்ஸ், இன்னொரு காலைத் தூக்கிக்கிட்டு நொண்டியடிச்சுக்கிட்டே வந்தான்.

"அக்கா, சாப்பிட்டியா? கதவைப் பத்திச் சங்கத்துல ஏதாவது புகார் கொடுத்தியா?"

நான் மென்னு முழுங்கிட்டு, "ஆமா"ன்னேன்.

அவ்வளவுதான், முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. "ஏன்க்கா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? கம்பெனிக்குப் போச்சுன்னா என் கதி என்ன ஆகும்?"

"அடேய், சாப்பிட்டியான்னு கேட்டதுக்குடா ஆமான்னேன்!"

"அப்ப புகார்?"

"கொடுக்கலை! கொடுத்திருக்கணும்! ஒரு கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் நிக்கறியா நீ? வாயில இருக்கறதை முழுங்கக்கூட விடாம அடுத்ததுக்குத் தாவிடறே. நான் முதல் கேள்விக்குச் சொல்ற பதிலை ரெண்டாவது கேள்விக்கு எடுத்துக்கறே, ரெண்டாவதுக்குச் சொல்றதை மூணாவதுக்கு எடுத்துக்கறே. கடைசியாக் கேட்டியே, அதுக்கு நான் என்ன சொன்னேன்னு உன் ஜென்மத்துக்கும் உனக்குத் தெரியாது. அதுக்குள்ள செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிடுவே!"

தூக்கின காலைக் கீழ வைக்காம அப்படியே நின்னுட்டான்.

"திரும்பச் சொல்லு."

"எதை? திட்டினதையா?"

"கடைசிக் கேள்வி. கடைசிக் கேள்விக்கு என்ன ஆகுது?"

"அதுக்குப் பதில் வாங்கிக்க ஆளே இருக்காதுன்னேன்."

தொப்புன்னு நாற்காலியில உக்காந்தான். எனக்குப் பயமாப் போச்சு, அவன் தானா உக்காந்து நான் பார்த்ததே இல்லை. "அத்தனை கண்ணுக்கும் ஒரே கம்பிதான்"னான். யார்கிட்ட சொல்றான்னே தெரியலை. "அடுத்த கண்ணுக்கு மாத்திவிட்டதும் கம்பியில பழைய கண்ணோட பதில்தான் இருக்கும். மாறக் கொஞ்சூண்டு நேரம் ஆகும். இத்தனை நாள் ஃபங்ஷனுக்குப் போய் வர்ற நேரத்துல அது மாறிடுச்சு. போகவேண்டாம் வரவேண்டாம்னு நான்தான் அந்த நேரத்தைப் பிடுங்கிட்டேன்."

"அப்ப நீ வெச்சு வெச்சுப் பார்த்தப்ப சரியாத்தானே இருந்துச்சு?"ன்னு அவன் பொண்டாட்டி கேட்டா.

"அது சோதனைப் பதிப்பு. அதுல எதையும் இன்லைன் பண்ணாம விட்டுடும், வரி வரியாப் பார்க்க வசதியா இருக்கட்டும்னு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சே அதை வெச்சுப் பார்த்திருக்கேன், முட்டாள்! நோயைத் தேடப் போறப்பல்லாம் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துட்டுத் தேடியிருக்கேன்."

மூணு பேரும் லிஃப்ட் வாசலுக்குப் போனோம். இவனுக்கு ஒரு கால்ல சாக்ஸ், ஒரு கால் வெறுங்கால். உள்ள இருந்தது நிஜப் பதிப்பு. அவன் பொண்டாட்டி நீச்சல் குளத்துலேருந்து கொண்டுவந்து வெச்சிருந்த மெல்லிசான பலகையை எடுத்துக்கிட்டு வந்து, தரையோட தரையாக் கவுந்து படுத்து, கடைசிக் கதிர் மட்டும் அடைபடற மாதிரி படுக்கவசமாப் பிடிச்சா. கதவு வந்து மோதிச்சு. பலகையை ஒரு விரக்கடை மேல தூக்கினா, அதுக்கு மேல இருக்கற கதிர் மட்டும் அடைபடற மாதிரி. கதவு தொடாமலே நின்னு, திறந்துச்சு. கடைசிக்கு முந்தின கண்ணு சொல்ற பதிலைக் கடைசிக் கண்ணோட பதில்னு சிப் எடுத்துக்குது. கடைசிக் கண்ணு சொல்றதைக் கேக்க யாருமில்லை, அதுக்குள்ள முதல்லேருந்து ஆரம்பிக்கறதுக்காக எல்லாத்தையும் அணைச்சுடுது. என் கோல் இருக்கற இடத்தைப் பார்க்கற கண்ணு அது ஒண்ணுதான். அது ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லியிருக்கு, என்னை மாதிரியே. லிஃப்டுக்கு வந்த எதிர்வீட்டு அம்மா எங்க மூணு பேரையும் அந்தக் கோலத்துல பார்த்துட்டு, படிக்கட்டுலயே இறங்கிப் போயிட்டாங்க.

தம்பி அங்கேயே நின்னு மேலதிகாரி அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, சோதனைக்குப் போட்ட எல்லாக் கதவையும் நிறுத்தச் சொன்னான். சப்பைக்கட்டு கட்டலை, என் தப்புதான்னு பளிச்சுனு சொன்னான். ஃபோனை வெச்சுட்டுப் படிக்கட்டுல உக்காந்து முகத்தை மூடிக்கிட்டான்.

"உனக்காகன்னு பண்ணி உன்னையே தள்ளிவிட்டிருக்கேன்க்கா. அதுவும் போதாதுன்னு உன்னை நம்பவும் இல்லை."

விழுந்தது நான், அழறது இவன். எனக்குக் கோபம் இருந்த இடம் தெரியாமப் போயிடுச்சு. பக்கத்துல உக்கார எனக்குக் கஷ்டம், அதனால நின்னுக்கிட்டே தலையைத் தடவிக் கொடுத்தேன். "சரி விடு, எந்திரி. சாக்ஸைப் போடு முதல்ல"ன்னேன்.

இன்னிக்கே சரிபண்ணிடறேன், இன்லைனை எடுத்துட்டாப் போதும்னு துள்ளிக்கிட்டுக் கிளம்பினான். பொண்டாட்டிதான் பிடிச்சு நிறுத்தினா. "அடுத்த வருஷம் வேற யாராவது வந்து, ரெண்டு வரிதானேன்னு திரும்ப இன்லைன் பண்ணா?"

நின்னான். யோசிச்சான். சொன்னா நம்பமாட்டீங்க, நிஜமாவே நின்னு யோசிச்சான். "ஆமா. போய் வர்ற நேரத்தை நம்பி இருந்ததுதான் தப்பு. காத்திருக்கணும்னா காத்திருன்னு அங்கேயே எழுதணும்"னான். அதை மாத்தி எழுதி, ஆஃபீஸ்ல மத்தவங்க நிஜப் பதிப்பையே வெச்சுத் தரையிலேருந்து உச்சி வரைக்கும் ஒவ்வொரு கதிரா அடைச்சுப் பார்த்து, ரெண்டு வாரம் ஆச்சு. அது வரைக்கும் லிஃப்ட் நின்னே கிடந்துச்சு, நானும் வீட்லதான். ஃபங்ஷன் இன்லைனாவேதான் இருக்கு, சின்னது, அடிக்கடி வேணும், அது அங்க இருக்கறதுதான் நியாயம். மாத்தி விடறதுக்கும் பதிலை வாங்கறதுக்கும் நடுவுல மட்டும் புதுசா ரெண்டு கட்டளை. அந்தச் சிப்புக்கு ‘ஒண்ணும் செய்யாதே’ன்னே ஒரு கட்டளை இருக்காம். அதை ரெண்டு தடவை எழுதியிருக்கான்.

"யாரு, நீயா? சும்மா இருன்னு நீ எழுதினியா?"ன்னு நான் கேட்டேன். தம்பி பொண்டாட்டி சிரிச்ச சிரிப்புல அவளுக்குப் புரையேறிடுச்சு.

நேத்திக்குக் காலையில சரிபண்ணின பதிப்போட கதவு ஓட ஆரம்பிச்சுது. நிஜப் பதிப்பு. நான் பையை மாட்டிக்கிட்டு லிஃப்ட் வாசலுக்கு வந்தேன். தம்பி கதவைப் பிடிக்கக் கையை நீட்டினான். "எடு கையை"ன்னேன். எடுத்தான். வாசப்படியில கோலை ஊணினேன். கதவு மூட ஆரம்பிக்கற வரைக்கும் வேணும்னே நின்னேன். வந்துச்சு, வந்துச்சு, கோலுக்கு ஒரு சாண் முன்னாடி நின்னு, மெதுவாத் திறந்துச்சு. நான் காலை எடுத்து வெச்சு உள்ள போனேன்.

திரும்பி நின்னேன். அவன் வெளிய நிக்கறான், கால் ரெண்டும் தரையில பதியலை, மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டிருக்கான்.

"அக்கா, வலி மாத்திரையை எடுத்துக்கிட்டியா?"

எனக்கு ஒரு குறும்பு. பதில் சொல்லலை. அடுத்த கேள்வி வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். வாயைத் திறந்தான், மூடிக்கிட்டான். கதவு எங்களுக்கு நடுவுல மூடிக்கிச்சு.

லிஃப்ட் இறங்கறப்ப படிக்கட்டுல தடதடன்னு சத்தம் வருதான்னு காது கொடுத்தேன். ஒண்ணும் வரலை. கீழ கதவு திறந்துச்சு. எதிர்ல யாருமில்லை. தரை மட்டும், வாசல் வெயில் மட்டும். எத்தனையோ நாளைக்கு அப்புறம் யார் முகமும் இல்லாத வாசல். என் வழி எனக்குத் திரும்பக் கிடைச்சுடுச்சு. கண்ணு தளும்பிடுச்சு, துடைச்சுக்கக்கூட எனக்குக் கை இல்லை, ஒரு கையில கோல், ஒரு கையில பை.

வெளிய வந்து, படிக்கட்டுக்குக் கீழ நின்னு, தலையைத் தூக்கிக் கத்தினேன்.

"எடுத்துக்கிட்டேன்டா!"

அஞ்சு மாடிக்கு மேல, கைப்பிடிக் கம்பியில சாய்ஞ்சுக்கிட்டு அவன் அங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்திருக்கான்.

"சரிக்கா"ன்னு உடனே குரல் வந்துச்சு.